டொறத்தி வீட்டுப் பீலி

1

இன்று எங்கள் கலியாண நாள். ஊரில் இருந்தவரை அப்படியொரு நாள் வருடா வருடம் திரும்பி வரும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அவுஸ்திரேலியாவுக்கு வந்த பிறகு மகன்தான் அதைக் கண்டுபிடித்துச் சொன்னான். அவன் நகரத்தில் தங்கிப் படிக்கிறான். காலையில் தொலைபேசியில் கூப்பிட்டு இங்கிலிசில் வாழ்த்தினான். பிறகு அப்பாவிடம் கொடுக்கச் சொன்னான், அதுவும் இங்கிலிசில்தான். அப்பா வீட்டில் இருந்தால் அல்லவா கொடுப்பதற்கு? அப்பா பக்கத்து வீட்டுக் கூரையில் இருந்தார்.

நான் இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறார். குசினி யன்னலால் பார்த்தால் நன்றாகத் தெரிகிறது. டொறத்தியின் தகரக் கூரையில் குந்தியிருந்து, கூரை விளிம்பில் மழைத்தண்ணீர் ஓடுகிற பீலிக்குள் நிறைந்து கிடக்கும் யூக்கலிப்டஸ் சருகுகளைக் கையால் அள்ளி வாளிக்குள் போடுகிறார். டொறத்தி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். விட்டால் ஏணி எங்கேயோ ஓடிவிடும் என்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள். அவளுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கணவன் இறந்துவிட்டான். காற்சட்டை போட்டுக்கொண்டு, சிவப்பு உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, தன் லொறியைத் தானே ஓட்டித் திரிகிறவள்.

எங்கள் வீட்டுப் பீலியிலும் சருகு நிறைந்து, அதற்குள் ஒரு புல்லும் முளைத்திருக்கிறது. கேட்டால், "வாற கிழமை பாப்பம், இடுப்பு நோகுது" என்கிறார். டொறத்தி வீட்டுக் கூரைக்கு ஏறும்போது மட்டும் அந்த இடுப்பு எங்கே போகிறதோ தெரியவில்லை.

சுற்றிவளைத்துச் சொல்வானேன், எனக்குப் பொறாமை. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம். நாற்பது வயதில் ஒருத்திக்கு வரக்கூடிய பொறாமையா இது என்று கேட்கலாம். வந்துவிட்டது, என்ன செய்ய?

2

எங்கள் இடம் மலைச்சரிவில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு கூப்பிடு தூரம். இவருக்கு இங்குள்ள உள்ளூராட்சி அலுவலகத்தில் தெருவுக்கும் கட்டடத்துக்கும் படம் வரைகிற வேலை. அதனால்தான் தமிழ் முகம் ஒன்றும் இல்லாத இந்தக் காட்டுக்குள் வந்து குடியிருக்கிறோம். நீங்கள் திருவெம்பாவைக்குக் குளிரில் நடுங்கி எழும்பும் மார்கழியில் இங்கே கடுங்கோடை. மரத்தின் இலையிலேயே எண்ணெய் இருக்கிறது. ஒரு பொறி விழுந்தால் காடு மலைக்கு மலை தாவி எரியும்.

அதற்காக இங்கே ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். சம்பளம் இல்லை, அரசாங்கத்தின் உத்தியோகமும் இல்லை. ரொட்டி சுடுகிற வெதுப்பகக்காரர், ஆட்டுப்பண்ணைக்காரர், இளைப்பாறிய ஆசிரியை என்று உள்ளூர்ச் சனங்கள்தான். நெருப்பு வருவதற்கு முன்னமே வீடு வீடாகப் போய், வீட்டைச் சுற்றி வளவைத் துப்புரவாக்கு, விறகைச் சுவரோடு அடுக்காதே, பீலியின் வாயில் பந்தை அடைத்துத் தண்ணீரை நிரப்பி வை என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஏலாதவர்களுக்குத் தாங்களே செய்தும் கொடுப்பார்கள். நெருப்பு வருகிற நாளில் தண்ணீர் வண்டியில் ஏறி முன்னுக்குப் போகிறவர்களும் அவர்களே.

இவர் அதில் சேர்ந்த கதை வேறு. விண்ணப்பத்தில் பெயருக்குக் கட்டம் கட்டமாகப் பெட்டி போட்டிருந்தது. பெட்டிகள் முடிந்துவிட்டன, இவருடைய பெயர் முடியவில்லை. மேசையில் இருந்தவர் தலையைச் சொறிந்துவிட்டு, "சிவா" என்று எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து ஊர் முழுக்க இவர் சிவா. டொறத்தி வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று "சிவா! சிவா!" என்று கூப்பிடுவாள். கலியாணமாகிப் பத்தொன்பது வருடத்தில் நான் ஒரு தடவைகூட வாயால் சொல்லாத பெயரை அவள் ஒரு நாளைக்கு ஒன்பது தரம் சொல்கிறாள். எனக்கு எப்படி இருக்கும்?

என்னிடம் அதே மேசைக்காரர், கார் ஓட்டுவீர்களா என்று கேட்டார். மூன்று தரம் சோதனைக்குப் போய் மூன்று தரமும் தவறியவள் நான். எழுத்துச் சோதனையில் முழுப் புள்ளி, தெருவில் இறங்கினால் நடுவிலேயே காரை நிறுத்திவிடுவேன். "இல்லை" என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

முதற் கூட்டத்துக்கு நானும் ஆசையோடு போனேன். நல்லதாக ஒரு நைலெக்ஸ் சேலை உடுத்திருந்தேன். உடுப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது டொறத்தி எழும்பி வந்து, எல்லார் முன்னிலையிலும் என் சேலைத் தலைப்பை விரலால் தூக்கிக் காட்டி, நெருப்பு நாளில் இது உருகித் தோலோடு ஒட்டிவிடும், பருத்தியோ கம்பளியோதான் போடவேண்டும் என்றாள். சொன்னது சரிதான். ஆனால் என் சேலையைத்தான் பிடித்துக் காட்டவேண்டுமா? அதற்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. இவர் ஒன்றையும் தவறவிடுவதில்லை.

3

சங்கத்துக்கு ஓடுகிற ஆண்பிள்ளை எனக்குப் புதிது அல்ல. என்னைப் பெற்ற ஐயாவும் அப்படித்தான்.

எங்கள் ஊர் சண்டிலிப்பாயில் காடு இல்லை, வேலி உண்டு. பனையோலையாலும் தென்னோலை முடைந்த கிடுகாலும் அடைத்த வேலிகள் வளவுக்கு வளவு, ஒழுங்கைக்கு ஒழுங்கை அறுபடாமல் போகும். சமைப்பதற்கென்று வீட்டுக்கு வெளியே ஓலையால் வேய்ந்த குசினிகளும் மாட்டுக்கொட்டில்களும் அந்த வேலியோடு முட்டிக்கொண்டு நிற்கும். வெட்டிய புகையிலையைக் குடிலுக்குள் தூக்கி, தேங்காய்ப் பொச்சு எரித்துப் புகை போடுவார்கள். அந்தக் குடிலும் கிடுகுதான். தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று எழும்புகிற நாளில் ஒரு குடில் பற்றினால், நெருப்பு வேலியைப் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றிவரும்.

ஐயா கூட்டுறவுக் கடை மனேச்சர். எங்களூர்ச் சனசமூக நிலையத்துக்கும் அவர்தான் காரியதரிசி. பேப்பர் படிப்பதற்கும் கரம் விளையாடுவதற்கும் இருந்த நிலையத்தை நெருப்புக்கு ஆயத்தமாக்கியவர் அவர். நெருப்பென்றால் மணியாக அடிக்க வாசலில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டார். வீட்டுக்கு வீடு ஒரு கொக்கைத்தடி, நனைத்த சாக்கு, மணற்குவியல், தண்ணீர் நிறைத்து வைத்த கிடாரம் என்று ஒழுங்கு செய்தார். மாங்காய் பிடுங்குகிற கொக்கைத்தடிதான், எரிகிற கிடுகை இழுத்து விழுத்த அதைவிட நல்ல சாமான் இல்லை.

இன்னொரு ஒழுங்கும் வைத்தார். தண்டவாளம் அடித்தால் ஆண்கள் தங்கள் வீட்டில் நிற்கக் கூடாது. தன் வீட்டில் நின்றால் பெட்டகத்தைத் தூக்குவதா, மாட்டை அவிழ்ப்பதா என்று அந்தரப்படுவானே தவிர நெருப்பை அணைக்கமாட்டான். அதனால் ஒவ்வொருவரும் இன்னொரு வீட்டுக்கு ஓடவேண்டும். நல்ல யோசனை. சபையில் கை தட்டினார்கள்.

ஐயாவுக்கு விழுந்த வீடு சொர்ணம் ரீச்சருடையது. அவர் கலியாணம் கட்டாமல் தாயோடு இருந்தவர், ஆளும் வடிவு. அம்மாவின் முகம் அன்றைக்கே கறுத்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் ஓடுறியள், சரி. எனக்கு ஆர் வாறது?" என்று கேட்டா.

"சின்னத்தம்பி வருவன். எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. நீ யோசியாதை" என்றார் ஐயா.

சின்னத்தம்பி எங்கள் வடக்கு வளவுக்காரர். தோட்டக்காரர், நல்ல மனுசன்.

நான் எட்டாம் வகுப்புப் படித்த வருடம் ஒரு மத்தியானம் அந்தத் தண்டவாளம் அடித்தது. ஐயா சாப்பாட்டில் வைத்த கையை உதறிக்கொண்டு, கொக்கைத்தடி ஒன்றைத் தூக்கிக்கொண்டு ரீச்சர் வீட்டுக்கு ஓடினார். நெருப்பு எங்கள் மேற்கு வேலியைப் பிடித்தது. அம்மா தெருவுக்குப் போகும் ஒழுங்கையைப் பார்த்தபடி நின்றா. சின்னத்தம்பியர் வரவில்லை. அவர் தன் குடிலுக்குள் இருந்த புகையிலையை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். வருடம் முழுக்கப் பாடுபட்டது அவ்வளவும் அதற்குள்தான். அவரை எப்படிக் குறை சொல்வது?

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மற்றக் கொக்கைத்தடியை எடுத்து, எங்கள் குசினிக் கூரையைத் தானே இழுத்து விழுத்தினா. நான் கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்றினேன். குசினி போய்விட்டது, வீடு தப்பியது. வேட்டி முழுக்கப் பொத்தலோடு ஐயா திரும்பி வந்தபோது அம்மா சாம்பலுக்கு நடுவில் இருந்தா. அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"ரீச்சற்றை வீடு தப்பிட்டுதோ?" என்று மட்டும் கேட்டா.

அது தப்பிவிட்டது. ஒரு கிடுகுகூடக் கருகவில்லை.

அம்மாவுக்குக் குசினி போனது பெரிதல்ல, அது போகும்போது தான் தனியே நின்றதுதான் பெரிது. அதற்குப் பிறகு நிலையத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் "உங்கடை சங்கம்" என்றுதான் சொல்லுவா. இந்தக் கதையைக் கலியாணமான முதல் மாதமே இவருக்குச் சொல்லிவிட்டேன். பிறகும் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். கேட்டுக்கொண்டிருப்பார்.

4

கொஞ்ச நாளைக்கு முன் நான் உடுப்புக் காயப் போடும்போது டொறத்தி வேலியடிக்கு வந்தாள். "பையைக் கட்டிக் கதவடியில் வைத்திருக்கிறாயா? நாள் வந்தால் யோசித்துக்கொண்டு நிற்க நேரம் இருக்காது" என்றாள். என் வீட்டில் இருந்து என்னைக் கிளப்பி அனுப்ப இவளுக்கு என்ன அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். பல்லைக் காட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அன்று இவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "இஞ்சாருங்கோ, நெருப்பு வந்தால் நீங்கள் தண்ணி வண்டியிலை போவியள். டொறத்தியின்ரை பீலியும் துப்புரவா இருக்கும். எனக்கு ஆர் வாறது?"

"எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு. நீர் யோசியாதையும்" என்றார்.

அச்சுப் பிசகாமல் ஐயாவின் வார்த்தை. மோர் வேண்டுமா என்று கேட்காமலே எழும்பிப் போய்விட்டேன். இன்றைக்கு, கலியாண நாளன்று, நான் காய்ச்சிய பாயசம் ஆறிக்கொண்டிருக்கிறது. அவர் இன்னும் இறங்கவில்லை.

5

மேலே உள்ளதை எழுதி இரண்டு கிழமையாகிவிட்டது. கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாமா என்று யோசித்தேன். மனம் வரவில்லை. எழுதியபோது அப்படித்தான் இருந்தேன், அது அப்படியே கிடக்கட்டும்.

போன கிழமை வடக்குக் காற்று வீசியது. இங்கே வடக்கில் இருந்து வருவதுதான் பாலைவனத்துக் காற்று. காலையிலேயே கதவுப் பிடி சுட்டது. பதினொரு மணிக்கு அலுவலகத்தில் இருந்து இவர் கூப்பிட்டார். மலைக்கு அந்தப் பக்கம் பற்றிவிட்டதாம், சங்கத்து வண்டியில் போகிறாராம். "பருத்திச் சீலையைக் கட்டிக்கொண்டு வாசல்லை நில்லும்" என்றார். ஏன், எதற்கு என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

பருத்திச் சேலையைக் கட்டினேன். பாஸ்போட், நகை, சுவாமிப் படம், மகனின் சின்ன வயதுப் போட்டோ எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வானம் பழுத்த பனம்பழ நிறத்தில் இருந்தது. கருகின இலைகள் வந்து விழத் தொடங்கின. சூடாக இருந்தன. தெருவில் ஒருவரும் இல்லை. என் கண் தானாகக் கூரைக்குப் போனது. பீலியில் சருகு நிரம்பி வழிந்தது. மேலே ஏற எனக்குத் தெரியாது. சருகு வாருகிற நீட்டுத்தடி ஒன்று சுவரோடு சாத்தியிருந்தது. அதை எடுத்துப் பீலியில் கொளுவி இழுத்தேன். கொஞ்சம் விழுந்தது. மறுபடி இழுத்தேன்.

அப்போதுதான் உறைத்தது. சண்டிலிப்பாயில் அம்மா நின்ற மாதிரியே நிற்கிறேன். கையில் அதே மாதிரித் தடி. ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு, ஒருவரும் வராமல். நான் வாய்விட்டு அழுதேன். பயத்தில் பாதி, இவர் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி.

லொறி ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. இறங்கியவள் டொறத்தி. உதட்டுச் சாயம் இல்லை. தலையில் ஈரத்துணி.

"ஏறு" என்றாள்.

இந்த இடத்தில் நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். நான் ஏறவில்லை. இவள் தன் பீலியைத் துப்புரவாக்கி வைத்துக்கொண்டு இப்போது எனக்கு இரக்கம் காட்ட வந்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. "என் கணவர் வருவார். நான் நிற்கிறேன்" என்றேன்.

"சிவா வரமாட்டான். அவன் மலையில் நிற்கிறான். அதற்குத்தானே என்னை ஒழுங்கு செய்தான்?"

எனக்கு விளங்கவில்லை. அவள் பையைப் பறித்து லொறிக்குள் எறிந்தாள். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினாள். அவள் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதினால் இப்படி வரும்: "கோடை தொடங்க முன்னம் உன் புருசன் என்னிடம் வந்தான். தன் மனைவிக்குக் கார் ஓடத் தெரியாது, நெருப்பு நாளில் தான் வண்டியில் போய்விடுவேன், அவளை நீ போய் ஏற்றவேண்டும் என்றான். அதற்கென்ன, பக்கத்து வீடுதானே, ஏற்றுவேன் என்றேன். அவனுக்கு அது போதவில்லை. அடுத்த ஞாயிறு ஏணியோடு வந்து நின்றான். வேண்டாம் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! தங்கள் ஊரில் ஒருவரிடம் உதவி கேட்டால் வெறுங்கையோடு கேட்கக் கூடாதாம். ஒவ்வொரு ஞாயிறும் அவன் என் கூரையில் ஏறியது இந்த ஒரு நிமிடத்துக்காக. இப்போது நீ ஏறாவிட்டால் அவன் முகத்தில் நான் எப்படி முழிப்பேன்?"

நான் தடியைப் போட்டுவிட்டு ஏறினேன்.

6

பள்ளிக்கூட மண்டபத்தில்தான் எல்லாரும் கூடியிருந்தோம். கம்பளியும் தேநீரும் கொடுத்தார்கள். என்னைப் பார்க்காமலே எல்லாருக்கும் என்னைத் தெரிந்திருந்தது. "சிவாவின் மனைவியா? வந்துவிட்டாயா?" என்று ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். நான் ஏறிவிட்டேனா என்று மலையில் இருந்து இவர் வண்டி வானொலியில் இரண்டு தரம் விசாரித்திருக்கிறார்.

மகன் மண்டபத்துத் தொலைபேசிக்கு எடுத்தான். "அம்மா, அப்பா எங்கை? அப்பா எங்கை, அம்மா?" என்றான். எத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்கிற தமிழ். மலையில் நிற்கிறார் என்று நானும் இரண்டு தரம் சொன்னேன்.

பின்னேரம் காற்று மாறியது. வண்டிகள் திரும்பி வந்தன. மஞ்சள் சட்டையும் தலைக்கவசமும் கரி அப்பிய முகமுமாக ஆண்கள் இறங்கினார்கள். யார் வெள்ளை, யார் கறுப்பு என்று தெரியவில்லை. எல்லாரும் ஒரே நிறம். அதில் இவர் யார் என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்று டொறத்தி "சிவா! சிவா!" என்று கத்தினாள். வண்டி இரைச்சலுக்குள் ஒருவரும் திரும்பவில்லை.

நான் முன்னுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த பெயரால் கூப்பிட்டேன்.

"இஞ்சாருங்கோ!"

ஒரே ஒரு மஞ்சள் சட்டை மட்டும் திரும்பியது.

கிட்ட வந்தார். கண் மட்டும் வெள்ளையாக இருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, சண்டையும் வந்தது. சண்டைதான் முதலில் வாயில் வந்தது.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நீர் அவவின்ரை லொறியிலை ஏறியிருப்பீரோ?"

ஏறியிருக்கமாட்டேன். அந்த நாள் வருவதற்கு முன்னமே சண்டை போட்டு இந்த ஏற்பாட்டைக் குழப்பியிருப்பேன்.

"உங்கடை அம்மான்ரை கதையை எத்தினை தரம் கேட்டனான்" என்றார். "சின்னத்தம்பியர் நல்ல மனுசன்தான். ஆனால் உங்கடை ஐயா அவருக்கு ஒண்டும் செய்து வைக்கேல்லை. சும்மா சொல்லிப்போட்டு நம்பி இருந்திட்டார். நான் அந்தப் பிழையை விடக் கூடாது எண்டு நினைச்சன்."

டொறத்தி எப்படியும் வந்திருப்பாள். இங்குள்ளவர்கள் வருவேன் என்று சொன்னால் வருவார்கள், முன்கூட்டி உழைத்துக் கொடுக்கத் தேவையில்லை. எட்டு வருடம் இருந்தும் இவருக்கு அது விளங்கவில்லை. நானும் விளங்கப்படுத்தப் போகவில்லை. தெரியாமல் செய்ததுதான், ஆனால் எனக்காக ஒருவர் அத்தனை ஞாயிறும் கூரை ஏறியிருக்கிறார். அதை ஏன் கெடுப்பான்? அம்மாவை நினைத்தேன். அவவுக்காக ஐயா ஒரு கூரை ஏறியிருந்தால், அந்தக் குசினி எரிந்ததை அவ மறந்தே போயிருப்பா.

7

எங்கள் வீடு தப்பியது. கோழிக்கூடு போய்விட்டது. பீலிச் சருகில் பொறி விழுந்து கூரையின் ஒரு மூலை கருகியிருக்கிறது. சங்கத்து ஆட்கள்தான் வந்து அணைத்தார்கள். சங்கத்துக்காரன் வீட்டுப் பீலியிலேயே சருகா என்று வெதுப்பகக்காரர் கேட்டுச் சிரித்தாராம். இவருக்கு வெட்கம். எனக்குக் கொஞ்சம் சந்தோசம்.

இன்று ஞாயிறு. காலையிலேயே எழும்பி முதலில் எங்கள் பீலியைத் துப்புரவாக்கினார். நான் கீழே நின்று, இன்னும் அந்த மூலை, இந்த மூலை என்று காட்டினேன். பிறகு ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். கோடை இன்னும் முடியவில்லை. காற்றுக்கு டொறத்தியின் பீலியும் மறுபடி நிரம்பித்தான் இருக்கும்.

"போட்டு வாறன்" என்றார்.

"நானும் வாறன்" என்றேன்.

மிஞ்சிய பாசிப்பயற்றில் பாயசம் காய்ச்சி ஒரு சட்டியில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். டொறத்தி ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடினாள், நன்றாக இருக்கிறது என்றாள். அவளோடு எனக்கு இனி ஒரு குறையும் இல்லை என்று எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் நம்பமாட்டேன். காலையிலேயே அந்த உதட்டுச் சாயம் என்னத்துக்கு?

இவர் ஏணியைச் சாத்தினார். டொறத்தி வழக்கம்போலப் பிடிக்க வந்தாள்.

நான் விடவில்லை. இரண்டு கையாலும் நானே பிடித்துக்கொண்டேன்.